எடுத்த இடத்தில் ஒன்று

அவள் பேர் எனக்குத் தெரியாது. ஒரே தோட்டத்தில் அத்தனை காலம் இருந்தோம், என் பிள்ளையையே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன், இருந்தும் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அது போதுமாக இருந்தது. அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது திகில்தான். நன்றி, அன்பு எல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும். ஒரே ஆளிடம் இரண்டும் எப்படி என்று கேட்பவர்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

மலாயாவில், பத்து காஜாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே எல்லாருக்கும் ஒரே பிழைப்பு. இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக ஆணும் பெண்ணும் மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போய்விடுவோம். கைப்பிள்ளைக்காரி என்றால் பிள்ளையையும் சுமக்க வேண்டும். மரத்தடியில் சாக்கை விரித்துப் பிள்ளையைப் போட்டுவிட்டு நிரை நிரையாக வெட்டிக்கொண்டே போனால், திரும்பி வரும்போது அது அழுது அழுது தொண்டை கட்டிக் கிடக்கும். உடம்பு முழுக்க எறும்பு கடித்த தடிப்பு.

என் மூத்த பெண் அப்படித்தான் கிடந்தாள். ஓடி விளையாடுகிற வயசு வந்ததும் காய்ச்சல் வந்தது. மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியிலேயே அடங்கிவிட்டாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எங்களில் பெண்கள் புதைகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். பெற்றவள் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. செத்த பிள்ளை ஆண்ட விளையாட்டுச் சாமானை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடும் என்பார்கள். அதனால் சாமானையும் கூடவே கொண்டுபோய்க் குழிமேட்டில் வைத்துவிட்டு வருவார்கள். என் பெண்ணுக்கு ஒரு நடைவண்டி இருந்தது. அவள் அப்பா சாமான் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்துகொடுத்தது. உருளும்போது சத்தம் வரட்டும் என்று ஒரு சக்கரத்தில் பால் டின் மூடியை ஆணியடித்து வைத்திருந்தார். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் அவள் தள்ளிக்கொண்டு வந்தால் கடகடவென்று நாலு வீடு தள்ளிக் கேட்கும். அந்த வண்டியும் அவளோடு போயிற்று.

அப்புறம் மகன் பிறந்தான். இரண்டு வயசை நெருங்கியும் எழுந்து நிற்கவில்லை. காலிரண்டும் குச்சி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். அவன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோய் வருத்தம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. மரத்தடியில சாக்கில கிடந்தா கால் எப்பிடி ஊண்டும்? நல்ல தரையில விட்டு நடக்கப் பழக்குங்கோ" என்றார். நல்ல தரைக்கு நான் எங்கே போவேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொட்டகை வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, பாலை உறைய வைக்கும் ஆசிட் ஜாடி அடுக்கியிருந்த தகரக் கொட்டகை ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். அத்தோடு அவர் கடமை தீர்ந்தது. பாய் உண்டா, தொட்டில் உண்டா, ஆட்டி விளையாட ஒரு கிலுகிலுப்பையாவது உண்டா என்று பெண்கள் போய்க் கேட்டோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கூரை குடுத்தாச்சு. இதுக்கு மேல ஒரு சல்லி கெடையாது. பிள்ளைங்க தங்குதான்னு தொரை வந்து பாப்பாரு. தங்கலைன்னா மறுபடி சாமான் ரூம்தான். போய் வேலையப் பாருங்க."

பிள்ளைகள் எப்படித் தங்கும்? உள்ளே நுழைந்தால் ஆசிட் வாடை கண்ணைக் கரிக்கும். குழி விழுந்த மண்தரை, நாலு தகரச் சுவர், வேறொன்றும் இல்லை. விட்டுவிட்டுப் போன அன்றைக்கே வாந்தி எடுக்கிற வரைக்கும் கத்தித் தீர்த்துவிட்டார்கள். அந்த லட்சணத்தில்தான் எங்களை வேலை வாங்கும் கங்காணி இவளைக் கொண்டுவந்து ஆயாவாக உட்கார வைத்தார்.

பாரிட் புந்தார் பக்கத்திலிருந்து வந்தவள் என்று சொல்லிக்கொண்டார்கள். நாற்பது வயசு இருக்கும். ஒரு கால் விந்தி நடப்பாள். நிரை ஏறி இறங்க முடியாது என்பதால்தான் கொட்டகை வேலை. புருஷன் பிள்ளை உண்டா என்று கேட்டால் காது கேட்காதவள் மாதிரி வேறு பக்கம் பார்ப்பாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. குழந்தைகளை ஒரு வார்த்தை கொஞ்சவும் மாட்டாள். இந்த மூஞ்சியைப் பார்த்தால் சிரிக்கிற பிள்ளையும் அழும் என்று நான் எல்லார் எதிரிலும் சொன்னேன். அவள் காதில் விழுந்தது.

அவள் வந்த பிறகு தோட்டத்தில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் என் வீட்டில். அடுப்படியில் கிடந்த ஓட்டை வாளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கட்டு முருங்கைக் கீரை, வாடாமல் பச்சைப் பசேலென்று கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போனார்கள் போல என்று கடைந்து சாப்பிட்டும் விட்டோம். இரண்டு நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனால் என் வாளி அங்கே தலைகீழாகக் கிடக்கிறது, ஒரு பயல் அதன்மேல் ஏறி உட்கார்ந்து தாளம் போடுகிறான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"என் வாளியத் தொடச் சொன்னது யாரு? கேட்டு எடுக்கக் கூடாதா?"

"கேட்டா குடுப்பியா?" என்றாள் அவள்.

"மாட்டேன்."

"அதான்." கொஞ்சம் பொறுத்து, "சும்மா எடுக்கல. எடுத்த எடத்துல ஒண்ணு வச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

தின்று தீர்த்த கீரை ஞாபகம் வந்தது. வாளியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

இதுதான் அவள் வழி. கேட்க மாட்டாள், எடுப்பாள். வெறும் இடமாக விடவும் மாட்டாள். ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த கிழிசல் சாக்குகள் போயின, அந்த இடம் கூட்டி மெழுகியிருந்தது. சாக்குகள் தைத்துப் பாய்களாகக் கொட்டகையில் விரிந்தன. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் கடை வாசலில் எறிந்திருந்த பால் டின்கள் போயின, கடைப் படியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்ததாம். தவுக்கே பயந்துபோய் யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அதைத் தொடவில்லை. டின்னுக்குள் ரப்பர் கொட்டையைப் போட்டு வாயைத் தட்டி மூடிக் கிலுக்காக்கிக் கொடுத்தாள். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் வாயில் போட்டால் மயக்கம் போட்டுவிடும், அதனால் அப்படி மூடினாள். தரைக்குப் புற்றுமண்ணும் சாணியும் குழைத்து மெழுகினாள். அந்த விந்திய காலோடு இத்தனையும் எப்போது செய்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கங்காணியிடமே ஒரு தடவை மாட்டினாள். பால் வடிந்து பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்து, சுற்றிச் சுற்றிப் பெரிய பந்தாகச் செய்து பிள்ளைகளுக்குப் போட்டிருந்தாள். ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து, அதற்கும் விலை உண்டு. கங்காணி கையில் கம்போடு வந்து நின்றார்.

"தோட்டத்துச் சாமான யார கேட்டு எடுத்தே?"

"உங்க வீட்டு வாசல்ல புது வெளக்கமாறு இருக்கா அண்ணே?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"நல்லாக் கூட்டுதா?"

அந்த விளக்குமாற்றால் ஒரு வாரமாகக் கூட்டிக்கொண்டிருந்தவர் அவர் பெண்சாதி. கங்காணி முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டோம். பந்து கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

பிள்ளைகளும் தங்கிவிட்டார்கள். காலையில் கொண்டுபோய் விட்டால் நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதியம் ரப்பர் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டு அழைத்துவரப் போனால் வர மாட்டேன் என்று அடம். வாளிக்கும் பந்துக்கும் இவ்வளவு மயக்கமா என்று எங்களுக்கு ஆச்சரியம். பேச்சு வந்த ஒரு பெண் பிள்ளை வீட்டில் கிளி, கிளி என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கிளி ஏது என்று அதன் தாய் சிரித்தாள். என் மகன் காலில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. துரை வந்து பார்க்கும்போது கொட்டகை நிறைந்திருக்கும், பிள்ளை மறுபடி எறும்புக்குப் போக மாட்டான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே பலத்த மழை. மழை என்றால் மரம் வெட்ட முடியாது, பால் வழிந்து வீணாகிவிடும். எல்லாரையும் திரும்பச் சொல்லிவிட்டார்கள். நான் நனைந்துகொண்டே கொட்டகைப் பக்கம் ஓடி வந்தேன். பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது.

கடகட. கடகட. கடகட.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. மழையில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நடுநடுவே ஒரு தடவை இடறும், மூடியில் ஓர் ஆணி சரியாக இறங்காததால். அந்த இடறலும் கேட்டது. என் பெண் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நொடியில் அப்படித்தான் நம்பினேன்.

கொட்டகை வாசலில் போய் நின்றேன். என் மகன் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டா? இல்லை, நடந்துகொண்டிருந்தான்! இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்து என்னைப் பார்த்து வந்தான். அவன் தள்ளிக்கொண்டு வந்தது செத்துப்போன அவன் அக்காளின் வண்டி. பிள்ளை நடக்கிறானே என்று கத்தினேனா, பிள்ளை போகப்போகிறானே என்று கத்தினேனா, எனக்கே தெரியாது. அப்படி ஒரு கத்தல் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கத்தியதில்லை.

பின்னால் வந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். வழக்கமாக நாங்கள் வருவதற்குள் ஆயா இந்த மாதிரிச் சாமான்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவாள் போலிருக்கிறது. அன்றைக்கு மழை எங்களை முன்னாலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது. கிலுகிலுப்பை, மரப்பாச்சி, கம்பியில் ஆடுகிற மரக்கிளி, ஊதல், கொலுசு கட்டிய துணிப் பொம்மை, எல்லாம் தரை முழுக்கக் கிடந்தன. ஒருத்தி குனிந்து மரப்பாச்சியை எடுத்தாள். "இது என் பிள்ளையோடது" என்றாள். இன்னொருத்தி கிளியை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரட்டைப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்திக்கு ஒரே மாதிரி இரண்டு ஊதல் கிடைத்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாய் இருந்தாள். அத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"பொணத்துக்கிட்டயே திருடியிருக்கியே, நீ பொம்பளையா?" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கல்லும் பறந்தது. அவள் தோளில் பட்டது. தோளைத் தடவிக்கொண்டாளே தவிர நகரவில்லை.

"சும்மா எடுக்கல" என்றாள். "எடுத்த எடத்துல ஒண்ணு வச்சிருக்கேன். போய்ப் பாருங்க."

"பொம்பளைங்க அங்க போவாங்களாடி?"

"நான் போனேன்ல?"

அது இன்னும் பெரிய அடியாக விழுந்தது. ஒரு பெண் புதைகாட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறாள், ஒரு தடவை அல்ல, அடிக்கடி. கங்காணி வந்தார். இவளைத் தோட்டத்தை விட்டு அனுப்பச் சொல்கிறேன், கொட்டகையையும் பூட்டச் சொல்கிறேன் என்றார். நாங்கள் அவரவர் பிள்ளையையும் அவரவர் செத்த பிள்ளையின் சாமானையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் கொட்டகைக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. என் மகனை மறுபடி மரத்தடியில் சாக்கில் உட்கார வைத்தேன். அவன் உட்கார மறுத்தான். மரத்தைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு, வண்டி வேண்டும் என்று கையை நீட்டி நீட்டி அழுதான். வண்டியோ வீட்டு மூலையில் இருக்கிறது. அக்காள் தம்பியைக் கூப்பிட்டுவிடுவாள் என்ற பயம் ஒரு பக்கம், எறும்பில் நிற்கிற பிள்ளை ஒரு பக்கம். மதியம் வந்ததும் புருஷனிடம், "அதக் கொண்டு போய் அங்கேயே வச்சுட்டு வாங்க" என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மகளைக் கிடத்திய இடத்துக்குத் திரும்பிப் போக அவருக்கு நெஞ்சு வரவில்லை, அது எனக்கும் தெரியும்.

நாளை வரைக்கும் அது என் பிள்ளையோடு ஒரே கூரைக்கு அடியில் இருக்கக் கூடாது. பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு வண்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். ஓடையில் இறங்கினேன். அந்தப் பக்கம் புதர் மண்டிக் கிடக்கும், காட்டுப்பன்றி தோண்டியிருக்கும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

புதரே இல்லை. புல்லைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தது. சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சாமான். ஒன்றில் சாக்குத் துணியில் தைத்த பொம்மை, காலில் கொலுசுக்குப் பதில் ரப்பர் கொட்டை கோத்துக் கட்டியிருந்தது. ஒன்றில் ரப்பர் காய் ஓட்டைச் செதுக்கிச் செய்த கிளி, கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் டின் கிலுக்கு. எடுத்தது எதுவோ அதே மாதிரி ஒன்றைத் தன் கையால் செய்து அந்தந்த இடத்தில் வைத்திருக்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஓரத்தில் ஒரு மேட்டில் நடைவண்டி இருந்தது. என் உள்ளங்கையளவு. பலகையைச் செதுக்கி, சக்கரம் மூன்று வைத்து, ஒரு சக்கரத்தில் தகரத் துண்டு ஒன்றை ஆணியடித்திருந்தாள்.

என் பெண் இருக்கிற இடம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொத்தென்று உட்கார்ந்தேன். விரலால் அந்த வண்டியைத் தள்ளினேன். கடகட என்றது. மேட்டைக் கட்டிக்கொண்டு பேர் சொல்லி அழுதேன். பிள்ளை செத்த அன்றைக்கு வாசலில் நின்று அழுததெல்லாம் அழுகையே இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. எழுந்தபோது பயம் போயிருந்தது. பெரிய வண்டியை மறுபடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடை கடந்து வந்தேன்.

லயத்தில் போய் முதலில் அந்தக் கிளியை மோந்து பார்த்தவளிடம் சொன்னேன். நம்பவில்லை. "உன் பிள்ளை எங்க இருக்குன்னு காட்டுறேன், வா" என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி ஒருத்தியாகச் சேர்ந்து, ஓடைக்குப் போகும்போது கூட்டமாகிவிட்டது. கங்காணி குறுக்கே வந்து, "எங்க போறீங்க எல்லாம்? பொம்பளைங்க போற எடமா அது? ஏய், நில்லுங்கடி!" என்றார். யாரும் நிற்கவில்லை. ஆண்கள் லயத்து வாசலோடு நின்றுவிட்டார்கள்.

அங்கே நான் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவரவர் பிள்ளையை அவரவரே கண்டுபிடித்தார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி, அடுத்தடுத்து இரண்டு மேட்டில் ஒரே மாதிரி மூங்கில் ஊதல்களைப் பார்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டாள்.

துரை பிறகு மோட்டாரில் வந்து பார்த்தார். கொட்டகை பிள்ளைகளால் நிறைந்திருந்தது. ஒட்டுப்பால் பந்தைப் பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போனார். கங்காணியும் அவளை அனுப்புவது பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது அதற்கு முன்னால், புதைகாட்டிலிருந்து நாங்கள் திரும்பிய அந்தச் சாயங்காலம்தான்.

மகனையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனேன். அவள் ஒற்றையாளாக உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். தோளில் கல் பட்ட இடம் வீங்கியிருந்தது. பிள்ளையை இறக்கி விட்டேன். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு நன்றி சொல்ல வந்தேனா, சண்டைக்கு வந்தேனா என்று எனக்கே பிடிபடவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டா குடுத்திருப்பியா?"

வாளிக்குப் பட்டென்று சொன்ன பதில் இந்தத் தடவை வாயை விட்டு வரவில்லை. கடகடவென்று சத்தம் நெருங்கி வந்து வண்டி என் காலில் முட்டி நின்றது.

"நவுந்துக்கோ" என்றாள். "பிள்ளைக்கு வழி விடு."

நகர்ந்துகொண்டேன்.